என்ஜின் போனது, சவுக்கு நின்றது

சென்ற மாதம் ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கி, வடக்கே ஒரு கிராமத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சவுக்கு சாகுபடி பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், இந்த மரம் நம்ம பக்கத்துக்கு எப்படி வந்துச்சு? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து தோப்பு இருக்குதுன்னு சொல்லுவாங்க. அதுக்கு முந்தி என்ன இருந்துச்சு?"

"தோப்புத் தோப்பாக இதை நட வைத்தது ரயில் என்ஜின்தான், ஐயா" என்றேன். பெரியவர் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஆனால் அது உண்மை. அந்தக் கதையைச் சவுக்கு போடும் ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்வது நல்லது. பழங்கதை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கு நாம் செய்துகொண்டிருக்கும் ஒரு தவறு அதிலே தெரிகிறது.

ஆவடி வழியாக வந்த முதல் வண்டி

தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் முதன்முதலாக ஓடியது 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி. ராயபுரத்தில் புறப்பட்டு, ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் போயிற்று. பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் வண்டி 1853-இல் ஓடியது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து நம்முடைய முறை வந்தது.

அதற்கும் முன்பே நம் பக்கத்தில் தண்டவாளம் உண்டு. 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை ஒரு தடம் போட்டார்கள். பட்டணத்துச் சாலைகளுக்குச் செம்புறைக்கல் கொண்டுபோவதற்காக அது அமைந்தது. அந்த முயற்சியில் முன்னின்றவர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டி, விவசாயிகள் இன்றும் நன்றியோடு நினைக்கும் அதே காட்டன்தான். அந்தத் தடத்தில் நீராவி இயந்திரத்தையும் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் அது நெடுநாள் நிலைக்கவில்லை.

ஆகவே நிலையான நீராவி என்ஜின் என்பது நம் பக்கத்தில் 1856-இல்தான் தொடங்கியது. அதே காலத்து என்ஜின் ஒன்றைப் பலர் நேரிலும் பார்த்திருப்பீர்கள். 1855-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் செய்து, கிழக்கிந்திய ரயில்வேக்காகக் கொண்டுவரப்பட்ட ஈ.ஐ.ஆர். 21 என்ற என்ஜின் அது. 1909-இல் ஓய்வு பெற்று நூறாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றது. 2010-இல் பெரம்பூர் பணிமனையில் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை அது ஓடி வந்தது. எல்லோரும் அதன் புகையையும் கூவலையும் ரசித்தார்கள். "இது என்னத்தைத் தின்று ஓடியது?" என்று கேட்டவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். விவசாயி கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

காட்டைத் தின்ற கொதிகலன்

என்ஜினுக்குத் தேவை இரண்டு. ஒன்று தண்ணீர், மற்றொன்று எரிபொருள். தண்ணீருக்கு நம் ஏரிகளும் கிணறுகளும் இருந்தன. எரிபொருள்தான் பிரச்னை. வங்காளத்தில் ராணிகஞ்ச் பக்கத்தில் நிலக்கரி கிடைத்ததால் அங்கே கவலையில்லை. சென்னை மாகாணத்தில் அன்று நிலக்கரிச் சுரங்கம் இல்லை. சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தாலும், இறக்குவதற்குத் துறைமுகம் இல்லை. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். மசூலா படகில் சரக்கை மாற்றி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி வந்த கரியின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. எனவே சென்னை ரயில்வே விறகில் ஓடியது.

1862-இல் இந்தத் தடம் மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அவ்வளவு தூரமும் விறகு வேண்டும். அத்துடன் தண்டவாளத்தின் அடியில் போடும் மரக்கட்டைகளும் வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கட்டை சில ஆண்டுகளில் மக்கிப்போகும், கறையான் அரிக்கும். மறுபடி மாற்ற வேண்டும். தடம் நீள நீள வடஆற்காடு மலைகள் மொட்டையாகிக்கொண்டே போயின. சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் என்பவரை நியமித்ததும் ரயில் ஓடிய அதே 1856-இல்தான். ரயிலின் பசி மலைகளை வெறுமையாக்குகிறது என்று எழுதி வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

இதனால் விவசாயிக்கு என்ன நஷ்டம்? மலையடிவாரக் கிராமத்தான் காட்டிலிருந்துதான் தழை உரம் கொண்டுவந்தான், மாடு மேய்த்தான், அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கினான். காடு குறைந்தபோது அரசாங்கம் மிச்சமிருந்ததைக் காப்பதற்குச் சட்டம் போட்டது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. வெட்டிய கைகள் பல. கதவு அடைபட்டது விவசாயிக்கு. அதற்கு ரயில் ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று.

விறகு கிடைக்காத வீட்டில் சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போகும். அடுப்புக்குப் போன சாணம் வயலுக்கு வராது. இந்திய விவசாயத்தை ஆராய வந்த வேல்க்கர் என்ற ரசாயன அறிஞர் 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில் இதைத்தான் அழுத்திச் சொன்னார். உழவன் சாணத்தை எரிப்பது அறியாமையால் அல்ல, வேறு விறகு இல்லாததால். ஆகவே ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் தனியே மரம் வளர்க்க வேண்டும் என்பது அவர் யோசனை. நூறாண்டுகளுக்கு மேலாகியும் பழசாகாத யோசனை இது.

சவுக்கு வந்த வழி

காடு கைகொடுக்காது என்று தெரிந்தபோது, விறகைப் பயிராகவே வளர்ப்பது என்ற எண்ணம் பிறந்தது. 1860-களிலிருந்து சென்னை மாகாணத்தின் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. நெல்லூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் அரசாங்கமும் நட்டது, தனியாரும் நட்டார்கள். வேறு எதுவும் விளையாத உப்புக்காற்று மணலில் இந்த மரம் சில ஆண்டுகளில் வெட்டுக்கு வந்தது. கிலோவுக்கு ஏறத்தாழ 5000 கிலோகலோரி வெப்பம் தரும் விறகு இது. கொதிகலனுக்கு வேறென்ன வேண்டும்?

சவுக்கின் வேரில் முண்டு முண்டாக முடிச்சுகள் இருப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அதில் தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்துக்குப் பிடித்துக் கொடுக்கிறது. நிலக்கடலைக்கு ரைசோபியம் செய்யும் வேலையைச் சவுக்குக்கு இது செய்கிறது. ஏழை மணலிலும் இந்த மரம் செழிப்பதன் ரகசியம் இதுதான். ரயிலுக்காக நட்டவர்களுக்கு அன்று இந்த விவரம் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது விறகு. மண்ணுக்குக் கிடைத்தது உரம்.

வாங்குபவன் மாறிய கதை

இங்கேதான் விவசாயிகள் கவனமாகக் கேட்க வேண்டும். சென்னையில் துறைமுகம் கட்டும் வேலை 1870-களில் தொடங்கியது. 1881 நவம்பரில் அடித்த புயலில் அலைதடுப்புச் சுவர்கள் சிதைந்தாலும், திரும்பக் கட்டினார்கள். பின்னர் துறைமுகத்துக்குள்ளேயே தண்டவாளம் போட்டு, நீராவி என்ஜின்கள் சரக்குப் பெட்டிகளை இழுத்தன. கடல் வழியாக நிலக்கரி வருவது சுலபமாயிற்று. 1889 முதல் சிங்கரேணியில் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். கரி மலிந்தது. ரயில், விறகை மெல்லக் கைவிட்டது. எந்த வாய்க்காகச் சவுக்கு நடப்பட்டதோ, அந்த வாய் மூடிக்கொண்டது.

சவுக்கு அழிந்துபோயிற்றா? இல்லை. பட்டணத்து அடுப்புகள் அதை வாங்கிக்கொண்டன. பக்கிங்ஹாம் கால்வாயில் படகு படகாக விறகு வந்திறங்கியது. சென்னையில் தெருவுக்குத் தெரு விறகுத் தொட்டிகள் இருந்ததை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு மண்ணெண்ணெய் வந்தது, காஸ் அடுப்பு வந்தது. விறகுத் தொட்டிகள் மூடப்பட்டன. அப்போது கட்டட வேலைக்குச் சாரம் கட்டக் கழி தேவைப்பட்டது. பந்தலுக்கும் கொட்டகைக்கும் தேவைப்பட்டது. இப்போது பெரிய கட்டடங்களில் சாரத்துக்கு இரும்புக் குழாய் வந்துவிட்டது. அதற்குள் காகித ஆலைகள் சவுக்கைத் தேட ஆரம்பித்தன. கரும்புச் சக்கையை நம்பி 1984-இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 2004 முதல் விவசாயிகளோடு சேர்ந்து மரம் வளர்க்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. மர மின்சார நிலையங்களும் செங்கல் சூளைகளும் மிலாரைக்கூட விடுவதில்லை.

நீராவி என்ஜினோ போயே விட்டது. சென்ட்ரல்–திருவள்ளூர் தடத்தில் 1979-இல் மின்சார ரயில் வந்தது. நாட்டின் அகல ரயில்பாதையில் கடைசி நீராவி வண்டி 1995 டிசம்பரோடு நின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலில் மட்டும் நம் மாநிலத்தில் இன்னும் நீராவியைப் பார்க்கலாம். அதுவும் விறகில் ஓடுவதில்லை.

ஆகச் சவுக்கு ஒன்றரை நூற்றாண்டில் குறைந்தது நான்கு பெரிய வாடிக்கைக்காரர்களைப் பார்த்துவிட்டது. ஒவ்வொருவரும் வரும்போது, "இவர் என்றைக்கும் இருப்பார்" என்று நம்பினோம். ஒவ்வொருவரும் போகும்போது இடையில் மாட்டிக்கொண்ட சில ஆண்டுகளில் தோப்பு வைத்திருந்தவன் நஷ்டப்பட்டான்.

எங்கள் வீட்டுத் தோப்பு

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில், நான் படிப்பை முடித்த புதிதில், என் தகப்பனார் இரண்டு ஏக்கரில் சவுக்கு போட்டிருந்தார். நான்காம் ஆண்டு ஒரு வியாபாரி வந்து, நிற்கிற மரமாகவே மொத்த விலை பேசி, சிறு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது பேச்சு. அவர் வருவார் வருவார் என்று எட்டு மாதம் காத்திருந்தோம். வரவில்லை. மார்க்கெட் இறங்கிவிட்டது என்று ஆள் சொல்லி அனுப்பினார். அதற்குள் ஒரு பெருங்காற்றில் முக்கால் ஏக்கர் மரம் சாய்ந்தது. கடைசியில் சாய்ந்ததும் நின்றதும் ஒரே விலைக்குப் போயிற்று. என் தங்கையின் கல்யாணக் கடன் அந்த ஆண்டு அடையவில்லை.

அந்தத் தோப்புக்கு நாற்று, இடைவெளி, உரம் எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடிதான் நடந்தது. மரமும் நன்றாகத்தான் வந்தது. விற்பனையைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. விரிவாக்கப் பணியில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் செய்த பெரிய தவறு இதுதான். மகசூலைச் சொன்னோம், வாங்குபவனைப் பற்றிச் சொல்லவில்லை. ஆகவே இப்போது கூட்டங்களில் நாற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு விற்பனையைப் பற்றிப் பேசுகிறேன்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

முதலாவது, இருக்கும் நிலம் முழுவதையும் சவுக்காக்க வேண்டாம். ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் போதவில்லை என்று மொத்தத்தையும் மரமாக்கிவிட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் கையில் காசு வராது. அவசரத்துக்கு இளமரத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுக்க நேரிடும். இரண்டு ஏக்கர் உள்ளவர் ஒரு ஏக்கரில் மட்டும் போடலாம். மீதியில் நெல்லோ காய்கறியோ இருக்கட்டும். முதலாண்டு சவுக்கின் இடைவெளியில் நிலக்கடலை, உளுந்து, எள், தர்ப்பூசணி போடலாம். வரப்பு ஓரத்தில் மட்டும் நடுவதும் நல்லதே. காற்றுத் தடுப்பாகவும் உதவும்.

இரண்டாவது, ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் நட வேண்டாம். ஆண்டுக்கு ஒரு பகுதி என்று பிரித்து நட்டால், ஆண்டுதோறும் ஒரு பகுதி வெட்டுக்கு வரும். விலை இறங்கிய ஆண்டில் முழுவதும் அகப்பட்டுக்கொள்ளாமல் தப்பலாம்.

மூன்றாவது, மரத்தைத் தரம் பிரித்து விற்க வேண்டும். நேராக ஓங்கிய கழிக்கு ஒரு விலை, காகித ஆலைக்குப் போகும் கட்டைக்கு ஒரு விலை, மிலாருக்கு ஒரு விலை, வேர்க்கட்டைக்கு ஒரு விலை. மொத்தமாகப் பேசும் வியாபாரி இதைத்தான் செய்து லாபம் பார்க்கிறார். அந்த வேலையை நாமே செய்யலாமே!

நான்காவது, எடை. வெட்டிய பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் நீர்தான். வெட்டிப் போட்டு லாரிக்காகப் பத்து நாள் காத்திருந்தால் நம் பணம் வெயிலில் ஆவியாகிறது என்று அர்த்தம். லாரி வரும் நாளை உறுதி செய்துகொண்டு பிறகு வெட்ட வேண்டும். பக்கத்து எடைமேடையில் நாமே ஒரு தடவை எடை போட்டுச் சீட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை யார் தலையில் என்பதை விலை பேசும்போதே எழுதி வாங்க வேண்டும்.

ஐந்தாவது, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் சவுக்கு என்று பதிவு செய்துகொள்ளுங்கள். 2011 டிசம்பர் இறுதியில் கடலூர் பக்கம் அடித்த தானே புயலில் எத்தனையோ தோப்புகள் சாய்ந்தன. நிவாரணம் என்று வரும்போது காகிதத்தில் இல்லாத மரம் நிலத்திலும் இல்லாததற்குச் சமம்.

நாற்று விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட சி.எச்.1, சி.எச்.5 போன்ற ஒட்டுரகங்கள் சீராக, சீக்கிரமாக வளருகின்றன. நம்பிக்கையான நாற்றங்காலில் வாங்கி, ஃபிராங்கியா நேர்த்தி செய்து, தண்ணீர் தேங்காத நிலத்தில் நட வேண்டும். ஒரே ரகத்தை ஊர் முழுக்கப் போடாமல் இரண்டு மூன்று ரகம் கலந்திருப்பது நோய் வந்தால் பாதுகாப்பு.

அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியது

விவசாயி மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதாது. நெல்லுக்கு ஆதார விலை உண்டு. கரும்புக்கு அறிவிக்கப்பட்ட விலை உண்டு. சவுக்குக்கு இரண்டும் கிடையாது. காய்கறி விலை தினமும் பத்திரிகையில் வருகிறது. சவுக்குக் கட்டையின் விலையைத் தெரிந்துகொள்ள விவசாயி தரகரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மாவட்டம்தோறும் கட்டை, கழி, மிலார் ஆகியவற்றின் விலையை வாரம் ஒரு முறை வேளாண் விற்பனைத் துறை வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் பெரிய செலவில்லை.

ஒப்பந்தம் போடும் ஆலைகள் நாற்று தருகிறார்கள், யோசனை தருகிறார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விலை இருக்க வேண்டும். எந்த மாதத்துக்குள் வெட்டி எடுப்பார்கள் என்ற கெடு இருக்க வேண்டும். கெடு தாண்டினால் வேறு யாருக்கும் விற்றுக்கொள்ளும் உரிமை விவசாயிக்கு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஒப்பந்தம் விவசாயியை மட்டுமே கட்டுகிறது. ஒற்றை ஆளாகப் போய்க் கேட்டால் நடக்காது. பத்துப் பேர் தோப்பைச் சேர்த்து, உழவர் உற்பத்தியாளர் குழுவாகப் போனால் லாரியும் வரும், விலையும் பேசலாம்.

"அப்படிச் சேர்ந்தால் ஆலைக்காரன் நம் ஊரையே விட்டுவிடுவானே" என்று கூட்டத்தில் ஒரு இளைஞர் கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் ஆலைக்கும் மரம் வேண்டும். தூரத்திலிருந்து கட்டை கொண்டுவந்தால் லாரி வாடகை அவர்களையும் கடிக்கும். நம்மிடம் கழிக்கும் விறகுக்கும் வேறு இரண்டு ஆள் கேட்டுக்கொண்டிருந்தால், பேச்சு சமமாக நடக்கும். ஒருவரே கேட்பவராக இருந்தால்தான் நாம் கெஞ்ச வேண்டிவரும்.

அன்று மாலை ஆவடி நிலையத்தில் மின்சார ரயிலுக்காக நின்றபோது, அந்தப் பெரியவரும் அம்பத்தூரில் மகள் வீட்டுக்குப் போவதற்காக வந்திருந்தார். தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்: "வண்டிக்காக வெச்ச மரம்னு சொன்னீங்க. வண்டியே போயிடுச்சு, மரம் இருக்குது பாருங்க சார்."

மரம் இருக்கிறது, பெரியவரே. அதை வைத்தவனும் அடுத்த வாடிக்கைக்காரர் போன பிறகும் நிலத்தை விற்காமல் இருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் சவுக்கு நாற்றுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள், மரத்தை யார் வாங்குவார், அவர் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்துகொண்டு பிறகு குழி வெட்டுங்கள்.